சில்லறைப் பாக்கெட்டில் எதைத் தேடலாம், எதைத் தேடக்கூடாது

கேள்வி: எங்கள் ஊரில் சிறிய மளிகைக் கடை நடத்துகிறேன். என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். அமெரிக்காவில் சிலர் வங்கியிலிருந்து காகிதத்தில் சுற்றிய நாணய உருளைகளை வாங்கிப் பிரித்து, வெள்ளிக் காசுகளைப் பொறுக்கி எடுக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, நாமும் செய்யலாம் என்று பிடிவாதமாக இருக்கிறான். கடைக்காக வங்கியில் வாங்கும் சில்லறைப் பாக்கெட்டுகளை இப்போது அவன்தான் பிரித்துப் பார்க்கிறான். வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய் நாணயங்கள் இரண்டு கிடைத்தன. அவற்றின் படத்தை இணையத்தில் போட்டதும் ஒருவர் போனில் அழைத்து, மூன்று லட்சத்துக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ரிசர்வ் வங்கி அனுமதிக்காக முதலில் 4,500 ரூபாய் கட்டவேண்டுமாம். கட்டலாமா? கடை முதலிலிருந்து 20,000 ரூபாய்க்குச் சில்லறை வாங்கித் தேடட்டுமா என்றும் மகன் கேட்கிறான். என்ன சொல்வது என்று தெரியவில்லை.
— ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பணத்தைப் பற்றி. ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். அந்த எண்ணிலிருந்து மீண்டும் அழைப்பு வந்தால் எடுக்கவும் வேண்டாம். ரிசர்வ் வங்கி பழைய நாணயங்களை வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. அப்படிப்பட்ட வியாபாரத்துக்கு யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதும் இல்லை. தன் பெயரைச் சொல்லி இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே பொது அறிவிப்பு வெளியிட்டது. நாணயம் வாங்க வருபவர் உங்களுக்குப் பணம் தரவேண்டுமே தவிர, நீங்கள் அவருக்குத் தரவேண்டிய நிலை எந்த நேர்மையான வியாபாரத்திலும் வராது. வங்கிக் கணக்கு எண், ஓ.டி.பி. எதையாவது ஏற்கெனவே சொல்லியிருந்தால், இந்தக் கடிதத்தை மேலே படிப்பதற்கு முன் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துவிட்டு, உங்கள் வங்கிக் கிளைக்கும் தகவல் சொல்லிவிடுங்கள்.

வைஷ்ணோ தேவி நாணயம் 2012-ஆம் ஆண்டுக்கான நினைவு நாணயம். ஐந்து ரூபாயிலும் பத்து ரூபாயிலும் வந்தது, புழக்கத்துக்கென்றே ஏராளமாக அச்சடிக்கப்பட்டது. கை மாறித் தேய்ந்த நாணயத்துக்கு ஐந்து ரூபாய்தான் மதிப்பு. கீறலே இல்லாமல் புதிதாக இருந்தால் சேகரிப்பாளர் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பார். லட்சம் என்பது வீடியோவின் தலைப்பில் மட்டுமே இருக்கிறது. என் மேசைக்கு இந்த நாணயத்தைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துவரும் பெரியவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அவர்கள் மீதல்ல, ஓய்வூதியத்தில் வாழும் மனிதரிடம் இப்படி ஓர் ஆசையை ஊட்டிக் காசு பறிப்பவர்கள் மீது.

இனி உங்கள் மகனின் கேள்விக்கு வருகிறேன். அவன் ஆர்வம் நல்ல ஆர்வம். ஆனால் அவன் பார்க்கும் வீடியோ வேறு ஒரு நாட்டின் கதை. அமெரிக்காவில் 1964 வரை ஆண்டு பொறித்த பத்து சென்ட், கால் டாலர், அரை டாலர் நாணயங்களில் 90 விழுக்காடு வெள்ளி இருந்தது. 1965-இல் சட்டம் மாறி, பத்து சென்ட்டிலும் கால் டாலரிலும் வெள்ளியை அடியோடு நிறுத்தினார்கள். அரை டாலரில் மட்டும் 40 விழுக்காடு வெள்ளி 1970 வரை தொடர்ந்தது. அந்தப் பழைய காசுகளை அரசு செல்லாது என்று அறிவிக்கவே இல்லை. தாத்தா சேர்த்துவைத்த உண்டியலை அதன் அருமை தெரியாத பேரன் வங்கியில் கொண்டுபோய்க் கொட்டுகிறான். அது உருளைக்குள் போகிறது. யாரோ ஒருவர் கைக்கு வருகிறது. அரை டாலர் கடைத்தெருவில் அதிகம் புழங்காத காசு என்பதால் பெட்டகத்திலேயே தூங்கிக் கிடக்கும். அதனால்தான் அங்கே தேடுபவர்கள் அரை டாலர் உருளையைக் குறிவைக்கிறார்கள். உருளைக்கு இருபது காசு. இருபதையும் விளிம்புப் பக்கமாக வரிசையாக நிறுத்தினால், வெள்ளி இல்லாத காசின் விளிம்பில் இருக்கும் செம்புக் கோடு எதில் இல்லை என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும். அங்கேயும் பல பெட்டிகளைப் பிரித்தும் எதுவும் கிடைக்காதவர்கள் நிறையப் பேர். அவர்கள் அந்த நாளை வீடியோவாகப் போடுவதில்லை.

நம் நாட்டில் நிலைமை வேறு. பிரிட்டிஷ் ஆட்சியிலேயே ரூபாயின் வெள்ளி 1940-இல் பாதியாகக் குறைந்தது. 1940-களின் இறுதிக்குள் நிக்கலுக்கு மாறிவிட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு நாம் புழங்கிய ஒரு ரூபாய் முதலில் நிக்கல், 1975 முதல் செம்பு-நிக்கல் கலவை, 1992 முதல் துருப்பிடிக்காத எஃகு. 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு செல்லாமல் போய்விட்டன. ஆக, உங்கள் கிளை கொடுக்கும் பாக்கெட்டில் வெள்ளி இருக்காது. அதை நம்பித் தேடினால் பையன் சீக்கிரமே மனம் வெறுத்துவிடுவான். வெள்ளி இல்லாவிட்டாலும் வேறு ஒன்று இருக்கிறது. அதை எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் அவனுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

வங்கியிலிருந்து வரும் சில்லறையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நாணயம் அச்சடிக்கும் ஆலையான நாணயச் சாலையிலிருந்து வந்து முத்திரை பிரிக்காத புதுப் பை. அதற்குள் இருப்பவை பெரும்பாலும் ஒரே ஆண்டு, ஒரே வடிவம், ஒரே சாலையில் அச்சானவை. பளபளப்பான நாணயம் ஒன்றிரண்டை எடுத்துவைக்கலாம். மற்றபடி அதில் தேடுவதற்கு ஒன்றும் இல்லை. இன்னொன்று, பொதுமக்கள் கொண்டுவந்து கட்டிய கலவைக் காசு. பெரும்பாலும் நூறு நூறாகப் பிளாஸ்டிக் பாக்கெட்டில் போட்டிருப்பார்கள். தேட வேண்டியது இதில்தான். காசாளரிடம் கூட்டமில்லாத நேரத்தில் போய், "புதுசு வேண்டாம், திரும்பி வந்த சில்லறை இருந்தால் கொடுங்கள்" என்று கேளுங்கள். இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் சில்லறையைத் தள்ளிவிட அவர்களுக்கும் விருப்பம்தான். நீங்கள் இருக்கும் மாவட்டம் உங்களுக்குச் சாதகம்: கோயில் உண்டியல் காசு வந்து சேரும் கிளைகளில் கலவை நன்றாக இருக்கும். எங்கெங்கோ இருந்து வந்த பக்தர்கள், வீட்டில் பல வருடம் மஞ்சள் துணியில் முடிந்துவைத்த காசைத்தான் உண்டியலில் போடுகிறார்கள்.

வங்கியைவிட நல்ல இடம் ஒன்று உங்களிடமே இருக்கிறது, உங்கள் கடையின் கல்லாப்பெட்டி. நாள்தோறும் முதலீடே இல்லாமல் புதுக் காசு வந்துகொண்டிருக்கும் இடம் அது. இரவில் கடை சாத்தும்போது சில்லறையைப் பையனிடம் எண்ணக் கொடுங்கள். கணக்கும் சரியாகும், தேடலும் நடக்கும். 20,000 ரூபாயைக் கடை முதலிலிருந்து எடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். காசு எங்கும் போய்விடாது என்பது உண்மைதான். ஆனால் அத்தனை சில்லறையையும் திருப்பித் தள்ளுவது சுலபமல்ல. ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட நாணயங்களும் ஒரு கொடுக்கல் வாங்கலில் 1,000 ரூபாய் வரைதான் சட்டப்படி செல்லும். அதற்குமேல் வாங்க மாட்டேன் என்று உங்கள் மொத்த வியாபாரி சொன்னால் அவரைக் குறைகூற முடியாது. வங்கிக் கிளைகள் நாணயங்களை மறுக்காமல் வாங்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. ஆனாலும் வாங்கிய கிளையிலேயே வாராவாரம் மூட்டையைத் திருப்பிக் கொட்டினால் அந்தக் காசாளரின் முகம் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கடைக்கு எவ்வளவு சில்லறை தேவையோ அவ்வளவு வாங்குங்கள். பார்த்து முடித்ததும் அது கல்லாவுக்குப் போகட்டும்.

சரி, எதைப் பார்ப்பது? முதலில் ஆண்டுக்குக் கீழே இருக்கும் சின்னக் குறி. நம் நாட்டில் நான்கு நாணயச் சாலைகள். மும்பையில் அச்சானதில் வைர வடிவம் இருக்கும், ஹைதராபாத்தில் ஐந்து முனை நட்சத்திரம், நொய்டாவில் உருண்டைப் புள்ளி. கொல்கத்தாவில் அச்சானதில் குறியே இருக்காது. தேய்ந்த காசில் புள்ளியும் வைரமும் ஒன்றுபோலத் தெரியும். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கைலென்ஸ் ஒன்றை வாங்கிக் கொடுங்கள், நகை வேலை செய்பவர்கள் பயன்படுத்துவது போதும். ஒரே ஆண்டில் வந்த ஒரே ஐந்து ரூபாய் நான்கு சாலைக்கு நான்கு விதமாக இருக்கலாம். சில ஆண்டுகளில் ஒரு சாலை மிகக் குறைவாகவே அச்சடித்திருக்கும். சேகரிப்பாளர்கள் விலை கொடுப்பது அந்த இடைவெளிகளுக்குத்தான்.

வெளிநாட்டில் அச்சடித்து இறக்கிய காசுகளும் உண்டு. சில்லறைத் தட்டுப்பாடு வந்த காலங்களில் அரசு வெளிநாட்டுச் சாலைகளிடம் வேலையைக் கொடுத்தது. 1985-ஆம் ஆண்டு ஒரு ரூபாயில் ஆண்டுக்குக் கீழே ஆங்கில 'எச்' எழுத்து இருந்தால் அது இங்கிலாந்தின் பர்மிங்காமில் அச்சானது. 1990-களின் பிற்பகுதியில் வந்த ஒரு ரூபாயில் 'எம்' எழுத்தின் தலையில் குட்டி வட்டம் இருந்தால் மெக்சிகோ. 2000-ஆம் ஆண்டின் பதினொரு பக்க இரண்டு ரூபாய்களில் ரஷ்ய எழுத்துகளோடு மாஸ்கோவில் அச்சானவையும் இருக்கின்றன. எந்த நாட்டின் வேலை என்று கண்டுபிடிக்கும்போது ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு வரும் சந்தோஷம் எனக்கு நன்றாகத் தெரியும். இந்தத் தொழிலில் என்னை இழுத்துப்போட்டதும் அப்படிப்பட்ட ஒரு சின்ன எழுத்துதான்.

அடுத்தது நினைவு நாணயங்கள். நாட்டின் முதல் நினைவு நாணயம் 1964-இல் நேருவுக்காக வந்தது. அது இனிக் கல்லாவில் கிடைப்பது அரிது. ஆனால் நம் ஊர்க் கதையைச் சொல்லும் வரிசை ஒன்றைக் கல்லாவிலிருந்தே சேர்க்கலாம். 1995-இல் தஞ்சாவூரில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காகத் திருவள்ளுவர் உருவத்தோடு வந்த நாணயங்கள். காமராஜர் நூற்றாண்டுக்காக 2003 என்று ஆண்டு பொறித்து வந்த ஐந்து ரூபாய். அண்ணா நூற்றாண்டுக்காக 2009-இல் வந்த ஐந்து ரூபாய். சி.சுப்பிரமணியம் நூற்றாண்டுக்காக வந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக 2010-இல் வந்தது. இவற்றில் எனக்கு மிகப் பிடித்தது அண்ணா நாணயம். அவர் படத்தோடு, அவர் தமிழில் போட்ட கையெழுத்தும் அப்படியே பொறிக்கப்பட்டிருக்கிறது. லென்ஸை வைத்துப் பாருங்கள்: பேனா ஓடிய வளைவு உலோகத்தில் மேடாக நிற்கும். அதிகம் புழங்கிய நாணயத்தில் அந்த மேடு மழுங்கியிருக்கும். கையெழுத்தின் கோடுகள் கூர்மையாக இருக்கும் ஒன்று கிடைத்தால் எடுத்துவையுங்கள், மற்றவற்றைச் செலவழியுங்கள்.

நினைவு நாணயம் அல்லாத வழக்கமான காசுகளிலும் கதை இருக்கிறது. 2005 வாக்கில் வந்த இரண்டு ரூபாயில் நான்கு கோடுகள் குறுக்காக வெட்டிக்கொள்ளும் வடிவம் இருந்தது. அது சிலுவைபோல இருக்கிறது என்று சர்ச்சை கிளம்பியது. பிறகு 2007-இல் நாட்டியத்தில் காட்டும் கை முத்திரை வடிவம் வந்தது: ஒரு ரூபாயில் கட்டைவிரல், இரண்டு ரூபாயில் இரு விரல்கள். 2011 முதல் ரூபாய்க் குறியீடு நாணயத்தில் ஏறியது. அதை வடிவமைத்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார். 2019-இல் தானியக் கதிர் வடிவ வரிசையும் பன்னிரண்டு பக்க இருபது ரூபாயும். 2022-இல் சுதந்திர அமுதப் பெருவிழாச் சின்னம் போட்ட வரிசை. பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று நம் ஊர்களில் வதந்தி பரவியபோது, பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி விளக்கம் கொடுத்தது. கடைக்காரராக நீங்கள் அந்தத் தொல்லையை அனுபவித்திருப்பீர்கள். அந்தப் பதினான்கையும் சேர்த்து முடிப்பதே பையனுக்கு நல்ல முதல் இலக்கு. கல்லாவிலேயே முடித்துவிடலாம்.

எடையும் ஒரு துப்பு. பழைய தடித்த ஐந்து ரூபாய் செம்பு-நிக்கல், 9 கிராம்; 2007 வாக்கில் வந்த எஃகு ஐந்து ரூபாய் 6 கிராம். காந்தத்தைக் காட்டினால் எஃகு ஒட்டிக்கொள்ளும், செம்பு-நிக்கல் ஒட்டாது. பழகிய விரலுக்கு இரண்டும் மேசையில் விழும் சத்தமே வேறு. உலோகத்துக்காக உருக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். நாணயத்தை உருக்குவதும் சிதைப்பதும் 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

அச்சுப் பிழை நாணயங்களைப் பற்றி அவன் கட்டாயம் கேட்பான். உண்மையான பிழைகள் இருக்கின்றன. அவற்றுக்குத்தான் சில்லறையில் ஓரளவு நல்ல விலையும் உண்டு. எளிய சோதனை ஒன்று: நாணயத்தின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் இரு விரலால் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் திருப்புங்கள். நம் நாணயங்களில் பின்பக்கமும் நிமிர்ந்தே வரவேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ வந்தால் அச்சு திரும்பியிருக்கிறது, எடுத்துவையுங்கள். அமெரிக்க நாணயங்களில் பின்பக்கம் தலைகீழாக இருப்பதுதான் இயல்பு. வீடியோவில் பார்த்த விதியை இங்கே போட்டால் குழப்பம்தான் வரும். படம் ஒரு பக்கமாக விலகி மறுபக்கம் வெற்றிடம் விட்டது, பத்து ரூபாயின் நடுவட்டு நகர்ந்து உட்கார்ந்தது, விளிம்பில் பிறை வடிவத்தில் உலோகம் குறைந்தது ஆகியவையும் பார்க்கத் தக்கவை. சுத்தியலால் அடித்து நசுக்கியது, அமிலத்தில் போட்டு மெலிந்தது, தண்டவாளத்தில் வைத்து எடுத்தது இவையெல்லாம் பிழையல்ல, சேதம். இரு பக்கமும் தலை உள்ள நாணயம் கிடைத்தால் விளிம்பை லென்ஸில் பாருங்கள். ஏறக்குறைய எல்லாமே இரண்டு காசை அறுத்து ஒட்டியவை.

கிடைத்ததைக் கழுவக் கூடாது. இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். புளி, எலுமிச்சை, பற்பசை, பித்தளை பாலிஷ் எதுவும் வேண்டாம். தேய்த்துப் பளபளப்பாக்கிய நாணயத்தில் லென்ஸுக்குக் கீழே ஆயிரம் மெல்லிய கீறல்கள் தெரியும்; விலை அதோடு போய்விடும். பல நல்ல நாணயங்கள் கள்ளர் கையால் அல்ல, அன்பான அம்மாக்கள் கையால் கெட்டுப் போயிருக்கின்றன. விளிம்பைப் பிடித்துத் தூக்கச் சொல்லுங்கள், முகத்தில் விரல் படக்கூடாது. மென்மையான மலிவு பிளாஸ்டிக் ஆல்பம் நாளடைவில் பச்சைப் பசையைக் கக்கும். நடுவில் ஒளிபுகும் தாள் வைத்த சதுர அட்டை ஹோல்டர்கள் நாணயக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். ஒவ்வொன்றின் மேலும் ஆண்டு, சாலை, கிடைத்த தேதி மூன்றையும் பென்சிலால் எழுதட்டும்.

பணம் வருமா என்றால், இப்படிக் கல்லாவிலிருந்து சேர்த்த தொகுப்பு மொத்தமாக விற்றாலும் முகமதிப்பைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகத் தரும். அபூர்வமான ஆண்டும் சாலையும் சேர்ந்த காசோ நல்ல அச்சுப் பிழையோ கிடைத்தால் சில நூறுகள் வரலாம். வருமானம் என்று நினைத்து இதில் இறங்கினால் ஏமாற்றம் நிச்சயம். தேடும் நேரத்தைக் கணக்கிட்டால் கூலிகூடக் கட்டாது. அவன் பெயரில் மாதாமாதம் ஒரு சிறு தொகையைச் சேமிப்புக் கணக்கில் போடுவது வேறு, இது வேறு. இரண்டையும் கலக்காமல் அவனுக்கு விளக்கிவிடுங்கள். நூறு ரூபாய், ஆயிரம் ரூபாய் நினைவு நாணயங்கள் புழக்கத்துக்கே வருவதில்லை. அரசின் நாணயச் சாலை நிறுவனம் பெட்டியில் போட்டு நேரடியாக விற்பவை அவை. பாக்கெட்டில் தேடிப் பயனில்லை.

படிப்பு கெடுமோ என்ற கவலைக்கு என் யோசனை: பள்ளி நாட்களில் கல்லா எண்ணும் நேரம் மட்டும், பாக்கெட் பிரிப்பது ஞாயிற்றுக்கிழமை. நாணயத்தின் படத்தை இணையத்தில் போடுவது நிற்கட்டும். உங்கள் எண்ணைத் தேடி அந்த மோசடிக்காரர் வந்த வழி அதுதான். சந்தேகம் வந்தால் அருகிலுள்ள நகரத்தில் சேகரிப்பாளர் சங்கம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அங்கே இருக்கும் பெரியவர்கள் ஒரு மாணவன் வந்தால் தங்களிடம் இரண்டாக இருப்பதில் ஒன்றைக் கையில் கொடுத்தே அனுப்புவார்கள். கோடை விடுமுறையில் சென்னைக்கு வரும் வாய்ப்பு இருந்தால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவைக் காட்டுங்கள். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. வேறு நாளாகப் பார்த்து, கைலென்ஸோடு வரச் சொல்லுங்கள்.